கணினிக்குக் கை வாய்த்த வரலாறு

இத்தாலி நாட்டின் வடமேற்கே, ஆல்ப்சு மலையடிவாரத்தில், இவ்ரியா என்னும் சிறு நகரம் உள்ளது. 1908-இல் ஒலிவெட்டி தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை தோன்றிய ஊர் அது. கணக்கிடவும் எழுதிக் காட்டவும் வல்ல கணினிக்கு, வெளியுலகில் வேலை செய்ய எளியதொரு கை வாய்த்ததும் அவ்வூரிலேயே ஆகும்.

ஒரு விளக்கை ஏற்றவோ மோட்டாரைச் சுழற்றவோ கணினிக்கு நேரே இயலாது. நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லைப் பதித்த மின்பலகையின் துணை வேண்டும். அத்தகைய பலகைகள் முன்னரே இருந்தன. ஆயினும் மாணவர்க்கு அவை விலை மிகுந்தவை. பொறியியல் பயிலாதோர்க்கு எளிதில் விளங்காதவை. இவ்ரியாவின் வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பயின்ற கொலம்பிய நாட்டு மாணவர் எர்னாந்தோ பர்ரகான், 2003-இல் இக்குறையைப் போக்க முற்பட்டார். தம் பட்ட ஆய்வாக அவர் ஆக்கிய பலகையும் மென்பொருளும் 'வயரிங்' எனப் பெயர் பெற்றன. ஆய்வுக்கு வழிகாட்டியோருள் மாசிமோ பான்சி ஒருவர். 2005-இல் பான்சியும் தோழர் சிலரும் வயரிங்கைத் தழுவி, மலிவான சில்லைக் கொண்டு, வேறொரு பலகை சமைத்தனர். அதுவே ஆர்டுயினோ. 1002-இல் இத்தாலியின் மன்னராய் முடிசூடிய இவ்ரியாவின் ஆர்டுயினோ பெயரைத் தாங்கிய மதுக்கடை ஒன்று அவ்வூரில் இருந்தது. அதன் பெயரே பலகைக்கும் வந்தது.

இப்பலகை இயங்கும் முறை எளிது. கட்டளைக்குக் காத்திருக்கும் சிறு நிரல் ஒன்றைப் பலகையில் முதலில் ஏற்றிவிடுவர். பின்னர்க் கணினியில் பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதினால், யு.எஸ்.பி. கம்பி வழியே ஓர் எழுத்துச் செல்லும். '1' எனின் விளக்கு எரியும். '0' எனின் அணையும். யு.எஸ்.பி. முறை 1996-இல் வெளிவந்தது. எனினும், 1960-இல் வரையறுக்கப்பெற்ற ஆர்.எஸ்.-232 போன்றதொரு தொடர்வழித் தடமாகவே கணினி இப்பலகையைக் காண்கிறது. ஆதலின் இரு புறமும் ஒரே வேகத்திற்கு இசைதல் வேண்டும். நொடிக்கு 9600 பிட் என்பது பலரும் கையாளும் வேகம். வேகம் மாறுபடின் செய்தி சிதையும். தடத்தைத் திறந்தவுடன் பலகை புதிதாய்த் தொடங்குமாதலின், ஓரிரு நொடி பொறுத்தே ஆணையிடுதல் நன்று.

கல்விக்கூடம் மூடப்படும் நிலை எழுந்தபோது, உழைப்பு வீணாகாதிருக்கும் பொருட்டு, பலகையின் வரைபடங்களை யாவரும் படியெடுக்கலாம் என அவர்கள் வெளியிட்டனர். அதனாலேயே அக்கல்வி உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஆர்டுயினோ குழுவில் பர்ரகான் இடம்பெறவில்லை. பழைய மன்னனின் பெயர் பலகைதோறும் பொறிக்கப்பெற்றுள்ளது. அடித்தளம் இட்ட மாணவரின் பெயரைச் சிலரே அறிவர். இப்பலகையைப் பள்ளியில் அறிமுகம் செய்யும் ஆசிரியர்கள் அப்பெயரையும் சேர்த்துச் சொல்வார்களாக.