கட்டுப்பாட்டை இழந்தது யார்?

வீதி விபத்துகளைப் பற்றிய எமது தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளில் ஏறத்தாழ மாறாத ஒரு வாசகம் உண்டு. "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியை விட்டு விலகி..." என்று அது தொடங்கும். மதகிலோ மரத்திலோ மின்கம்பத்திலோ மோதியது என்று முடியும். மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத்துறையில் இருப்பவன் என்ற வகையில், இந்த வாசகம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். விபத்து நடந்த கையோடு பொலிஸார் எழுதும் முதல் அறிக்கையில் இருந்துதான் அது வருகிறது.

அந்த வாசகத்துக்குள் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. கட்டுப்பாடு சாரதியின் கையில் இருந்தது, அதை அவர் தவறவிட்டார் என்பதே அத்தீர்ப்பு. பெரும்பாலான விபத்துகளில் அது சரியாகவே இருக்கும். வேகமும் மதுவும் தூக்கமும் கவனக்குறைவும் வீதிகளில் வாங்கும் பலியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இன்றைய குடும்பக் கார் ஒன்றில் சாரதியின் கைக்கும் முன்சில்லுகளுக்கும் இடையில் என்னென்ன இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள், அந்த வாசகத்தை எழுதுமுன் சற்று நிதானிப்பார்கள். அந்த இடைவெளிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருட்கள் வந்து சேர்ந்த வரலாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது.

இலங்கைத் தமிழில் ஸ்டியரிங்கைச் சுக்கான் என்று எழுதும் வழக்கம் உண்டு. மரக்கலத்தின் திசையைத் திருப்பும் பலகைக்குரிய அச்சொல் அரபு மொழியிலிருந்து கடலோடிகளின் வழியாக வந்தது. காருக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே. ஆரம்பகால மோட்டார் வாகனங்கள் பலவற்றில் சக்கரம் போன்ற ஸ்டியரிங் இருக்கவில்லை. படகில் இருப்பது போன்ற ஒரு தண்டையே சாரதி பிடித்துத் திருப்பினார்.

ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வாகனத்துக்கு மூன்று சில்லுகள் மட்டுமே இருந்தமைக்கும் இந்தப் பிரச்சினையே காரணம். வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. உட்பக்கச் சில்லு சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் சில்லு தரையில் தேய்ந்து இழுபடும். குதிரை வண்டிகளுக்கு இதற்கான தீர்வை மியூனிக் நகரின் வண்டி தயாரிப்பாளரான கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் கண்டிருந்தார். அவருடைய முகவராக இலண்டனில் இருந்த ருடொல்ஃப் அக்கர்மன் 1818 இல் அதற்கு அங்கு காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து, முகவரின் பெயரிலேயே அந்த அமைப்பு இன்றும் அழைக்கப்படுகிறது. பென்ஸ் தமக்குரிய தீர்வைக் கண்டு 1893 இல் காப்புரிமை பெற்ற பின்னரே அவரது கார் நான்கு சில்லுகளில் ஓடியது.

வட்டமான சுக்கான் சக்கரத்தை மோட்டார் வாகனத்தில் பொருத்திய முதல் மனிதர்களில் ஒருவராகப் பிரான்ஸின் அல்ஃப்ரெட் வாஷெரோன் குறிப்பிடப்படுகிறார். 1894 இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த மோட்டார் போட்டியில், தண்டை அகற்றிவிட்டுச் சக்கரம் பூட்டிய பனார் காரை அவர் ஓட்டினார். வேகம் கூடக்கூடத் தண்டைப் பிடித்துச் சமாளிக்க முடியாமற் போனது. சில ஆண்டுகளுக்குள் சக்கரமே வழமையாயிற்று.

அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சாரதியின் கைக்கும் வீதிக்கும் இடையில் இருந்தவை இரும்புத் தண்டுகளும் பல்சக்கரங்களும் மூட்டுகளும் மட்டுமே. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடிய கார்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத அந்நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களில் சுக்கானைத் திருப்ப மனித பலத்தைத் தவிர வேறு உதவி இருக்கவில்லை. நின்ற இடத்தில் திருப்புவதற்குத் தோள்பலம் வேண்டும். ஆனால் அந்தக் கார்களிடம் ஒரு நேர்மை இருந்தது. ஒரு மூட்டுத் தேய்ந்தால் சுக்கானில் 'பிளே' வரும். சக்கரத்தைச் சற்றுத் திருப்பியும் சில்லு அசையாது. அது நாளுக்கு நாள் கூடுவதைச் சாரதியின் கை உணர்ந்துகொள்ளும். கராஜில் மெக்கானிக் காரின் கீழே படுத்துக்கொண்டு, இன்னொருவரைச் சுக்கானை அசைக்கச் சொல்லி, எந்த மூட்டுப் பழுது என்று விரலால் தொட்டுச் சொல்லிவிடுவார். கண்ணுக்கும் கைக்கும் தெரிகின்ற பழுது அது.

கைக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு உதவியாளரைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ் அரோ நிறுவனத்தின் லொறிப் பிரிவில் பணியாற்றிய அவர், பாரமான லொறிகளைத் திருப்பச் சாரதிகள் படும் பாட்டைக் கண்டவர். எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சுக்கானுக்கு உதவும் அமைப்பை உருவாக்கி, 1926 இல் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் செய்தது. ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. செலவு அதிகம் என்று 1934 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கனரகக் கவச வாகனங்களுக்குப் பயன்பட்ட பின்னர், 1951 இல் கிறைஸ்லர் நிறுவனமே தனது இம்பீரியல் காரில் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் டேவிஸின் காப்புரிமைகள் சில காலாவதியாகியிருந்தன. கிறைஸ்லர் அவற்றையே பயன்படுத்திக்கொண்டது.

இந்த 'பவர் ஸ்டியரிங்' வந்த பின்னர் காரின் பாரம் கையில் தெரியவில்லை. எனினும் அதன் பழுதுகளும் பழைய பழுதுகளின் குணத்தையே கொண்டிருந்தன. எண்ணெய் கசிந்தால் தரையில் கறை தெரியும். பம்ப் பழுதானால் முனகும். அதை இயக்கும் பெல்ட் தளர்ந்தால் கிறீச்சிடும். பழுது தன் வருகையை முன்கூட்டியே அறிவித்தது.

அடுத்த மாற்றம் ஜப்பானில் நிகழ்ந்தது. 1988 இல் சுசுகி நிறுவனம் செர்வோ என்னும் தனது சிறிய காரில் மின்சார மோட்டாரால் உதவும் சுக்கானைப் பொருத்தியது. எண்ணெய் பம்ப் நேர்வீதியில் செல்லும்போதும் எஞ்சினின் சக்தியை ஓயாமல் உறிஞ்சுவது. மின்மோட்டாரோ திருப்பும்போது மட்டுமே குறிப்பிடத்தக்க மின்சாரத்தைக் கேட்கும். எரிபொருள் சிக்கனத்தை அரசாங்கங்கள் சட்டமாக்கத் தொடங்கியதும், 2000களில் குடும்பக் கார்கள் ஒவ்வொன்றாக இம்முறைக்கு மாறின. சாரதி எவ்வளவு விசையுடன் திருப்புகிறார் என்பதை ஓர் உணரி அளக்கிறது. கணினி கணக்கிடுகிறது. மோட்டார் திருப்புகிறது. காரைத் தானாகத் தரிப்பிடத்தில் நிறுத்துவதற்கும், ஒழுங்கையை விட்டு விலகாமல் திருத்துவதற்கும் இதே மோட்டாரே பயன்படுகிறது.

இங்கேதான் பழுதின் குணம் மாறியது. மின்சாரப் பழுது பெரும்பாலும் தேய்ந்து தேய்ந்து வருவதில்லை. வரும், போகும். எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மறைந்துவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் "ஒன்றும் இல்லையே" என்பார்கள். சாரதியின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை.

2010 மார்ச்சில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் செவ்ரொலே கோபால்ட், பொன்டியாக் ஜி5 ஆகிய கார்கள் உட்பட சுமார் 13 இலட்சம் கார்களை மீள அழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது சுக்கானுக்கான மின்னுதவி நின்றுபோவதே குறை. அதனுடன் தொடர்புடையனவாக 14 மோதல்கள் பதிவாகியிருந்தன. 2014 மார்ச் இறுதியில், மலிபு போன்ற குடும்பக் கார்கள் அடங்கலாக மேலும் சுமார் 13 இலட்சம் வாகனங்கள் இதே வகைக் குறைக்காக அழைக்கப்பட்டன.

மின்னுதவி நின்றாலும் இரும்புத் தண்டு இணைப்பு இருக்கிறது, ஆகவே காரைத் திருப்ப முடியும் என்பது பொறியியலாளர்களின் வாதம். அது உண்மையே. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அதே நிறுவனத்தின் இன்னொரு குறை உலகுக்குக் காட்டியது. கோபால்ட், சற்றேர்ன் அயன் போன்ற கார்களில் எஞ்சினை இயக்கும் சாவித்துளையின் ஆளி மிகவும் இலகுவாக நழுவியது. சாவிக்கொத்தின் பாரமோ, முழங்கால் தட்டுதலோ, வீதியின் பள்ளமோ போதும். எஞ்சின் நிற்கும். சுக்கானின் உதவி போகும். பிரேக்கின் உதவியும் போகும். அவற்றுடன் உயிர்காக்கும் காற்றுப்பையும் செயலற்றுவிடும். நிறுவனத்தின் உள்ளே இது நெடுங்காலம் வாடிக்கையாளரின் வசதிக்குறைவாகவே கருதப்பட்டது என்பதை, நிறுவனமே நியமித்த சட்டத்தரணி அன்டன் வலுக்காஸின் 2014 ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. காரைத் திருப்ப முடியும்தானே என்ற எண்ணமே அதற்குக் காரணம். காற்றுப்பை விரியாது என்பதை அவர்கள் பொருத்திப் பார்க்கவில்லை. ஆளியின் வடிவம் இடையில் திருத்தப்பட்டது. ஆனால் அதன் பாக இலக்கம் மாற்றப்படவில்லை. அதனால் தேடியவர்களுக்கும் உண்மை புலப்படவில்லை.

2014 இல் அந்த ஆளிக்காகச் சுமார் 26 இலட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. நட்டஈட்டு நிதியம் 124 உயிரிழப்புகளை இதனுடன் தொடர்புடையனவாக ஏற்றுக்கொண்டது. 2015 செப்டெம்பரில் நிறுவனம் 90 கோடி டொலர் செலுத்தி அமெரிக்க அரசுடன் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இந்தத் தொகைகளை விட ஒரு வழக்கே என் மனத்தில் நிற்கிறது. 2004 இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் இளம்பெண் ஓட்டிய கார் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. அவளுடன் பயணித்த அவளது அன்புக்குரியவர் இறந்தார். கட்டுப்பாட்டை இழந்தவள் அவளே என்று முடிவாயிற்று. மரணம் விளைவித்த குற்றத்தை அவள் நீதிமன்றத்தில் ஏற்றுத் தண்டனையும் பெற்றாள். பத்தாண்டுகளின் பின், 2014 நவம்பரில், காரின் குறை வெளிப்பட்ட பின்னரே நீதிமன்றம் அவளைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தான் நேசித்தவரைத் தானே கொன்றதாக நம்பி ஒரு பெண் பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறாள். அந்த ஆளியின் விலையோ ஒரு டொலருக்கும் குறைவு.

இதனை ஒரு நிறுவனத்தின் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 ஒக்டோபரில் ஹொண்டா நிறுவனம் 2022 முதல் 2025 வரையிலான சிவிக் கார்கள் உட்படச் சுமார் 17 இலட்சம் வாகனங்களை அமெரிக்காவில் மீள அழைத்தது. நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நேராகச் சென்ற பின் சுக்கான் ஒட்டிக்கொண்டது போல் நிற்கும். சற்று அழுத்தித் திருப்பினால் சட்டென விடுபட்டுத் தேவைக்கு மேல் திரும்பிவிடும். சுக்கான் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பல்சக்கரம் சரியாகத் தயாரிக்கப்படாததால் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் உப்பியது. கிறீஸ் படலம் மெலிந்தது. உராய்வு கூடியது. இந்தத் தடவை வழமைக்கு மாறாக ஒன்று நடந்தது. சாரதிகளின் முறைப்பாடுகளை ஏற்று அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2023 மார்ச்சிலேயே விசாரணையைத் தொடங்கியிருந்தது. மீள அழைப்பின்போது இக்குறையால் உயிரிழப்போ காயமோ ஏற்பட்டதாக அறியவரவில்லை என்று நிறுவனம் தெரிவித்தது. முறைப்பாடு எழுதியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் எமது மக்களுக்கு இத்தகைய மீள அழைப்புக் கடிதம் தபாலில் வந்து சேரும். விளம்பரக் கடிதம் என்று எண்ணி அதனைக் குப்பையில் போடாதீர்கள். குறைக்குரிய திருத்தத்துக்கு நிறுவனங்கள் பணம் அறவிடுவதில்லை. இலங்கையில் நிலைமை வேறு. ஜப்பானில் ஒருவர் பாவித்த கார் இங்கு வந்து இரண்டு மூன்று கை மாறும்போது, அந்தக் கடிதம் வருவதற்கு முகவரியே இல்லை. அத்தகைய காரை வைத்திருப்பவர்கள் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் தாமே தேடிப் பார்ப்பது நல்லது. சுக்கானுக்குரிய எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தாலும், திகதி, இடம், வேகம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முடிந்தால் படம் எடுங்கள். ஓடும்போது எஞ்சின் நின்றால் சுக்கான் பாரமாகும், ஆனால் பூட்டிவிடாது. பதற்றத்தில் சாவியைக் கழற்றினால்தான் பல கார்களில் அது பூட்டிக்கொள்ளும். இரு கைகளாலும் பலமாகத் திருப்பி, பிரேக்கை விடாமல் அழுத்தி, காரை ஓரத்துக்குக் கொண்டுவர முடியும்.

இலங்கையில் விபத்துக்குள்ளான வாகனங்களை மோட்டார் வாகனப் பரிசோதகர்கள் பார்வையிட்டு அறிக்கை அளிக்கும் நடைமுறை உண்டு. பிரேக்கின் தேய்வையும் டயரின் நிலையையும் மட்டுமல்லாது, காரின் கணினியில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறிப்புகளையும் படிப்பது இன்று அந்தப் பரிசோதனையின் இன்றியமையாத பகுதியாக இருத்தல் வேண்டும். சுக்கானின் சாட்சியம் இப்போது இரும்பில் இல்லை. அது கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. அதைக் கேட்காமல் எழுதப்படும் முடிவு அரைகுறையானது.

பத்திரிகைச் செய்தியின் வாசகமும் சிறிது மாறலாம். "கார் வீதியை விட்டு விலகியது, காரணம் விசாரிக்கப்படுகிறது" என்று எழுதுவதற்கு அதிகம் மை செலவாகாது. சவப்பெட்டிக்கு அருகில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கும், உயிர் தப்பிய சாரதி ஒருவருக்கும் அந்தச் சில சொற்களின் வேறுபாடு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது.