ரீச்சர் வீட்டு முற்றம்

கல்லூரியின் நூற்றாண்டு வரலாற்றில் கட்டடங்களுக்கும் அதிபர்களுக்கும் உரிய இடம் உண்டு. மதிலுக்கு வெளியே இருந்த ஒரு வீட்டுக்கும் அதில் இடம் வேண்டும் எனக் கருதுகிறோம். 1970களின் பிற்பகுதியில் உயர்தர வகுப்பில் தமிழ் படித்த எமக்கு, வலிகாமம் வடக்கில் இருந்த ரீச்சரின் வீடே சனிக்கிழமை வகுப்பறை. ஒரு வீட்டை எப்படி வைத்திருப்பது என்பதையும் நாம் அங்கேதான் கற்றோம்.

அது பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய தடித்த சுவர்கள். பனஞ்சிலாகைகளின் மேல் ஓட்டுக்கூரை. நான்கு பக்கமும் விறாந்தை, நடுவே வானம் பார்த்த முற்றம். உட்புறம் சரிந்த கூரையிலிருந்து மழைநீர் முற்றத்தில் விழுந்து வடிகாலால் வெளியேறும். வெக்கை மேலெழுந்து போக, உள்ளே காற்று உலாவும். வெளியே சங்கடப்படலை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காகப் படலைக்கும் கூரை போட்டவர்கள் எமது முன்னோர்.

1977க்குப் பின் இறக்குமதிப் பொருள்கள் தாராளமாக வந்தன. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிகள் பீங்கான் பொம்மைகளால் நிறைந்தன. ரீச்சர் வீட்டு அலுமாரியில் புத்தகங்கள், அதற்குப் பூட்டில்லை. மேசை யன்னலோரம். சுவரில் தொங்கிய சுளகு மறுநாள் அரிசி புடைக்க இறங்கிவிடும். முற்றத்தில் எதையும் வைக்க விடமாட்டார். "வெறுமையா இருந்தாத்தான் பிள்ளையள் ஓடலாம்" என்பார். ஒருமுறை நாம் காசு சேர்த்து, சாடியோடு பிளாஸ்டிக் ரோசாக்கள் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை அந்தச் சாடியில் பேனைகள் நின்றன. பூக்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றது. உறவினர் வீட்டின் ஓர் அறையில் இருந்த ரீச்சரைப் பார்க்கப் போன எம்மிற் சிலர் வாசலிலேயே நின்றுவிட்டோம். யன்னலோரம் ஒரு பலகைப்பெட்டி. அதன்மேல் நாலைந்து புத்தகங்கள். சுவரோரம் சுருட்டிய பாய். வெறுமையாக விட்ட நடு இடத்தில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு: பஞ்சு, திரி, கொஞ்சம் மண்ணெண்ணெய். அயல்வீட்டுப் பிள்ளைகள் அதைச் சுற்றி நான்கு பக்கமும் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

1995 ஐப்பசி இடப்பெயர்வு எம்மை மேலும் சிதறடித்தது. இன்று ஸ்காபரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனால் சிரிப்பு வருகிறது. எல்லா வீட்டிலும் மேசை யன்னலோரம்; புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில்; வரவேற்பறையின் நடுப்பகுதி வெறுமை. "இன்னும் சாமான் வந்து சேரேல்லையோ?" என்று கேட்ட விருந்தினரும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த சுளகையும் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் நாம் அதில் அரிசி புடைப்பதில்லை. ரீச்சர் கண்டால் கழற்றச் சொல்லியிருப்பார்.

காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட பின், எம்மில் மூவர் அந்த வீட்டைத் தேடிப் போனோம். அதைக் காண ரீச்சர் இருக்கவில்லை. கூரையும் இல்லை, யன்னல் நிலைகளும் இல்லை. பற்றைகளை விலக்கியபோது தூண்களின் அடிகள் தெரிந்தன. அவற்றை வைத்து முற்றத்தைக் காலடியால் அளந்தோம்: நீளம் பதினெட்டு, அகலம் பதினான்கு. அங்கே ஓடித் திரிந்த நாள்களில் அது எவ்வளவோ பெரிதாக இருந்தது.

இந்த மலருக்காகத் தேடியும் அந்த வீட்டின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எம்மிடம் இருந்தவை இடப்பெயர்வுகளில் தொலைந்தன. சனிக்கிழமை வகுப்புக்கு வந்த சகோதரிகள் எவரிடமாவது, ஒரு மூலை மட்டும் தெரியும் படமாயினும் இருந்தால், அதன் பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பி உதவுங்கள்.