அவமானத் தூணும் நீதிதேவதையின் திரும்பிய முகமும்

"உதைக்காம உண்மை வராது தம்பி." எங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஒரு வயசான வக்கீல் குமாஸ்தா என்னிடம் சொன்னது இது. "உதைச்சு வந்தது உண்மைதான்னு எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன். "அதான் ஒத்துக்கிட்டாங்கல்ல" என்றார். அந்தப் பதிலை என்னால் சுலபமாகத் தாண்டிவர முடியவில்லை. ஒத்துக்கொள்வதற்கும் உண்மைக்கும் நடுவில் ஓர் உடல் கிடக்கிறது. அறிவொளிக் காலத்துச் சிந்தனையாளர்கள் தண்டனை பற்றி எழுதியதெல்லாம் அந்த உடலை என்ன செய்வது என்கிற கேள்வியைச் சுற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் சொன்ன பதில் முழுக்க நல்ல பதில்தானா என்பது வேறு விஷயம்.

மிலான் நகரம், 1630. பிளேக் நோய் ஊரைத் தின்றுகொண்டிருந்தது. ஜூன் 21ஆம் தேதி காலையில் மழை. சுகாதார அலுவலர் குலியெல்மோ பியாட்சா சுவரை ஒட்டி நடந்துபோகிறார். சுவரில் கையைத் தேய்த்ததை ஜன்னலிலிருந்து ஒரு பெண் பார்த்துவிடுகிறாள். விஷக் களிம்பு பூசுகிறான் என்று பேச்சுக் கிளம்புகிறது. அவர் கையில் இருந்தது மை என்பதும், மழைக்கு எல்லோரும் சுவரோரம்தான் ஒதுங்குவார்கள் என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வதைத்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு, உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்று ஆசை காட்டினார்கள். ஜான் ஜாக்கோமோ மோரா என்ற நாவிதரின் பெயர் வெளியே வந்தது. மோரா பிளேக்குக்குத் தடுப்புக் களிம்பு தயாரிப்பவர். அவர் வீட்டில் துணி வெளுக்கும் காரநீர்ப் பானை ஒன்று கிடைத்தது. நீதிபதிகளுக்கு அதுவே விஷம். வதை தாங்காத மோரா, நான் என்ன சொல்லவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அதைச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். சித்திரவதை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. உண்மை ஏற்கெனவே நீதிபதியிடம் இருக்கிறது. உடல் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இருவரையும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கிழித்து, கையை வெட்டி, சக்கரத்தில் எலும்பு முறித்துக் கொன்றார்கள். மோராவின் வீடு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்ற கல்வெட்டோடு ஒரு தூண் நிறுத்தினார்கள். அதன் பெயர் அவமானத் தூண். யாருடைய அவமானம் என்ற கேள்வி எழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதே மிலானில் 1760களின் தொடக்கத்தில் சில பணக்கார வீட்டு இளைஞர்கள் கூடிப் பேசினார்கள். பியட்ரோ வெர்ரி, அவர் தம்பி அலெஸ்ஸாண்ட்ரோ, செசாரே பெக்காரியா. தங்கள் குழுவுக்குக் 'குத்துச்சண்டைக் கழகம்' என்று கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அலெஸ்ஸாண்ட்ரோ கைதிகளின் நலன் காக்கும் பதவியில் இருந்தார். சிறைக்குள் நடப்பது அவர் மூலம் வெளியே வந்தது. 1764இல் 'குற்றங்களும் தண்டனைகளும்' என்ற சின்னப் புத்தகம் ஆசிரியர் பெயரில்லாமல் லிவோர்னோவில் அச்சாகியது. எழுதிய பெக்காரியாவுக்கு வயது 26. 1766இல் திருச்சபை அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் வோல்டேர் அதற்கு விளக்கவுரை எழுதினார். துலூஸ் நகரத்தில் 1762இல் சக்கரத்தில் முறிக்கப்பட்ட ழான் காலாஸ் நிரபராதி என்று 1765இல் தீர்ப்பு வாங்கும்வரை ஓயாதவர் வோல்டேர்.

பெக்காரியா சொன்னவை இன்று சட்டக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதுகிற சங்கதிகள். தண்டனை கடுமையாக இருப்பதைவிட நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் இருப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும். சட்டம் எழுத்தில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். பிரபுவுக்கும் ஏழைக்கும் ஒரே தண்டனை. சித்திரவதை பலசாலியை விடுவிக்கும், பலவீனனைக் குற்றவாளியாக்கும். நிரபராதி எப்படிப் பார்த்தாலும் நஷ்டப்படுகிறவன். தசையின் வலிமையையும் நரம்பின் உணர்ச்சியையும் கொடுத்துவிட்டால், எவ்வளவு வலியில் ஒருத்தன் ஒத்துக்கொள்வான் என்பதைக் கணக்கு வாத்தியாரே சொல்லிவிடுவார், நீதிபதி எதற்கு என்று கிண்டல் செய்தார்.

இதுவரை சரி. ஆனால் மரண தண்டனையை அவர் எதற்காக மறுத்தார்? நம்மில் பலர் நினைப்பதுபோலக் கருணை மட்டும் காரணமில்லை. உயிரைப் பறிக்கும் உரிமையை எந்த மனுஷனும் சமூகத்திடம் ஒப்படைக்கவில்லை என்பது ஒரு வாதம். இன்னொரு வாதம்தான் நம்மை உறுத்த வேண்டியது. சாவு ஒரு நிமிஷத்துக் காட்சி, பார்க்கிறவன் மறந்துவிடுவான். ஆயுள் முழுக்க அடிமையாக உழைக்கிறவன் நாள்தோறும் கண்ணில் படுகிற பாடம் என்கிறார். 1765இல் வந்த மூன்றாம் பதிப்பின் முகப்பில், அவருடைய யோசனைப்படியே செதுக்கிய படம் ஒன்று உண்டு. கொலைஞன் வெட்டிய தலைகளை நீட்டுகிறான். நீதிதேவதை அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திரும்பிய முகம் பார்ப்பது எதை? சங்கிலி, விலங்கு, மண்வெட்டி. இவற்றை அவள் கனிவாகப் பார்க்கிறாள்.

அறிவொளியின் தண்டனைச் சொல்லாடல் அத்தனையும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது. 1757இல் பாரிஸில் தாமியானின் உடல் கிழிக்கப்பட்ட காட்சியோடு ஃபூக்கோ தம்முடைய 1975ஆம் வருஷப் புத்தகத்தைத் தொடங்கியது தற்செயல் இல்லை. உடலைக் கிழிப்பதை நிறுத்திய அதிகாரம் அதைக் கணக்கிட ஆரம்பித்தது. கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது? ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787ஆம் வருஷச் சட்டத்தில் சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கினார். ஆனால் அவர் ஆட்சியில் கைதிகள் தான்யூப் நதியில் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்தார்கள். சேற்றிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தூக்கு மேடை இல்லாமலே சாவு நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய தம்பி லியோபோல்ட் 1790இல் பட்டத்துக்கு வந்துதான் அது நின்றது. அவர் ஏற்கெனவே 1786இல் டஸ்கனியில் மரண தண்டனையை ஒழித்தவர்.

அப்படியானால் பெக்காரியாவைத் தூக்கி எறிந்துவிடலாமா? அங்கேதான் நான் நிற்கிறேன். 1792இல், லொம்பார்டியின் குற்றச் சட்டத்தைத் திருத்தும் குழுவில் அவர் இருந்தார். குழுவில் பெரும்பாலோருக்கு மாறாக, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து மரண தண்டனைக்கு எதிராகக் கருத்து எழுதினார். அதில் அழுத்தமாக வருகிற விஷயம் வேறு: தவறாகக் கொன்றுவிட்டால் திருத்த முடியாது. 1764இல் பேசியது கணக்கு. 1792இல் பேசுவது கணக்குப் போடுகிறவன் மீதே வந்த சந்தேகம். மோராவின் தூண் 1778இல் இடிந்து போயிருந்தது. வெர்ரி அந்த வழக்கைப் பற்றி 1777இல் எழுதியதைத் தாம் இருக்கும்வரை அச்சிடவில்லை. அவர் அப்பா மிலான் செனட்டின் உறுப்பினர். அது 1804இல்தான் வெளிவந்தது. பெக்காரியாவின் மகள்வழிப் பேரன் மன்ட்சோனி 1840களில் அந்த வழக்கை மறுபடி எடுத்து, பழி சட்டத்தின் மேல் மட்டுமில்லை, நீதிபதிகளின் மனச்சாட்சி மேலும்தான் என்றார். சட்டம் அனுமதித்த வரம்பையே அவர்கள் மீறியிருந்தார்கள்.

இந்தக் கதைக்கு நம் பக்கத்தில் ஒரு கிளை உண்டு. பெந்தாமின் சிந்தனையில் ஊறிய மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூன் வரை நம்மை ஆண்டது. இடையில் 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. போலீஸில் மட்டுமில்லை, வரி வசூலிலும் கிட்டி போட்டு விரலை நசுக்கியதை அது பதிவுசெய்தது. பழி உள்ளூர்ச் சேவகர்கள் தலையில் விழுந்தது. வரி கேட்ட கம்பெனி தப்பித்தது. பிறகு வந்த சட்டங்களில், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி ஏறியது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டம் அதை வைத்துக்கொண்டே ஒரு சின்னக் கதவையும் திறந்தே வைத்திருந்தது: அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் அகப்பட்டால், அது சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். 2024இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் விதியும் இருக்கிறது, கதவும் இருக்கிறது. மோரா வீட்டுக் காரநீர்ப் பானை என் நினைவுக்கு வந்தது.

குமாஸ்தா அண்ணனிடம் மோராவின் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். டீயை வைத்துவிட்டு, "சரி, அப்ப அந்தக் களிம்பு யாரு பூசுனா?" என்றார். யாருமே பூசவில்லை என்பதை அவருக்கு நம்பவைக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. நம்பினாரா என்று இப்போதும் தெரியவில்லை.