கூத்து வாத்தியார்

மேனாட்டு நாடகங்களில் இப்போது ஒரு தனி உத்தியோகம் உண்டு. வசனம் எழுதுகிறவர் வேறு, நாடகத்தை நடத்துகிறவர் வேறு. நடிகனுடைய உடம்பு மேடையில் எப்படி நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க இன்னொருவர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கூத்து வாத்தியார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அல்லவா இது!

கிருஷ்ணகிரிச் சீமையில், பாரூர் ஏரிக்கரைப் பக்கம், திரௌபதி அம்மன் திருவிழா ஒன்றில் அந்த வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் துரியோதனன் வந்து நின்றான். முதலில் தெரிந்தது கால்தான். சலங்கை கட்டிய அந்தக் கால் தரையை மிதித்த மிதியிலேயே, வந்திருப்பது ராஜா என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்புறம்தான்.

இந்த மிதியைத்தான் வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். கிரீடமும் புஜக்கீர்த்தியும் மரத்தில் செதுக்கியவை. அவற்றைப் பூட்டிக்கொண்டவன் சின்னச் சின்ன அசைவுகளால் ஒன்றும் சாதிக்க முடியாது. பாவாடை குடைபோல் விரியச் சுழல வேண்டும். சுழன்று நின்ற மறுகணமே உச்ச ஸ்தாயியில் பாட்டை எடுக்க வேண்டும். மூச்சு எங்கே வாங்குவது? அடவுக்குள்ளேயே அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடும் நேரம் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தவன் நான். ஆடுகிறவனுக்கு மூச்சு கிடைப்பது அப்போதுதான்.

எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் யட்சகானத்துக்கு ஒரு நாவலாசிரியரே வாய்த்தார். சிவராம காரந்த் பேச்சைக் குறைத்து, ஆட்டத்தை முன்னால் நிறுத்தி, விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். அது நல்லதா கெட்டதா என்று அங்கே சண்டை நடந்தது. நமக்கு அந்தச் சண்டைகூட வாய்க்கவில்லை. படித்தவர்களுக்குத் தெருக்கூத்து என்றால் இளக்காரம், அவ்வளவுதான்.

அந்த இளக்காரத்தைக் கொஞ்சம் கரைத்தவரும் ஓர் எழுத்தாளரே. தஞ்சாவூர்ப் பக்கத்துப் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி, சிறுகதைக்காரர். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு, நாடகத்துக்கு ஆதாரம் வசனமல்ல, நடிகனின் உடம்புதான் என்ற முடிவுக்கு வந்தார். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நடேசரின் தம்பி கண்ணப்பத் தம்பிரான் அங்கே நடிகர்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்தார். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடமாவது சுலபம். முழங்காலை மடக்கி நிற்பதுதான் கஷ்டம்.

கண்ணப்பத் தம்பிரான் 2003-இல் காலமானார். வித்தை மகன் சம்பந்தனிடம் தங்கியது. பாரிஸ் நகரத்தில் அரியான் முனூஷ்கின் நடத்தும் நாடகக் குழு 1964-இல் தொடங்கியது. அந்தக் குழு 2016-இல் இந்தியாவைக் களமாக வைத்து ஒரு நாடகம் போட்டது. அதில் திரௌபதி துகிலுரிதலும் கர்ண மோட்சமும் தெருக்கூத்தாகவே வந்தன. பல தேசத்து நடிகர்கள் தமிழிலேயே பாடி ஆடினார்கள். அவர்களைப் பழக்கியவர் புரிசைச் சம்பந்தன். மறு வருஷம் நியூயார்க்கிலும் அது நடந்தது.

பெருமையான சங்கதிதான். ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. பாரிஸ் நடிகனுக்கு ஒத்திகைக்கு மாதக் கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குப் போகிற பையன் விடியும்வரை எப்படி ஆடுவான்? வாத்தியாரிடம் வருஷக் கணக்கில் எப்படி நிற்பான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டுக்குப் போனால் மாதச் சம்பளம். கூத்துக்குத் திருவிழாக் காலத்தில்தான் வரும்படி.

புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நாடக விழா நடத்துகிறார்கள். செய்யாற்றிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ராத்திரி விழித்திருக்கத் தெம்பு வேண்டும். உட்காரத் தரை போதும்.