கடாரம்: ஒரு வரியில் முடியாத வரலாறு

‘கடாரம்’ என்றதும் நம் விடைத்தாள்களில் ஒரே வரிதான் வரும்: முதலாம் இராசேந்திர சோழன் 1025இல் வென்றான். சரிதான். ஆனா அதோடு நிறுத்தினால் பாதிக் கதைகூட ஆகாது.

பினாங்கிலிருந்து வடக்கே, கெடாவில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்கு. அன்றைய கப்பல்களுக்கு அந்த மலைதான் அடையாளம். வணிகர்கள் மெர்போக் ஆற்றுவழி உள்ளே வந்து, பருவக்காற்று மாறும்வரை தங்கினார்கள். தங்கிய இடத்தில் கோயிலும் எழுந்தது. இந்து, பௌத்தம் இரண்டும் அங்கே இருந்தன.

அவற்றுள் பெரியது, ஓடையோரம் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி. (பழங்கோயிலை மலாயில் ‘சண்டி’ என்பார்கள்.) 1936–37இல் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தார், 1960இல் சீரமைத்தார்கள். கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் நம் கோயில் அமைப்பையே நினைவூட்டும். தூண்களின் கல் அடித்தளங்கள் இருக்கின்றன. மரத்தூணும் கூரையும் அழிந்துவிட்டன. அடியில் ஒன்பது குழிகள் கொண்ட கற்பெட்டிகள் கிடைத்தன. கோயில் கட்டும்போது அடியில் மணிகளும் பொன்னும் வைக்கும் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்!

தேர்வுக்கு மூன்று குறிப்புகள்:

1. பட்டினப்பாலை ‘காழகம்’ என்று சொல்வதைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை கொள்கிறது. ஆகவே உறவு படையெடுப்புக்கு மிக முந்தியது.
2. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம் கடாரத்து அரசன் எழுப்பியது. அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. போருக்கு முன் நட்பு இருந்தது.
3. “இக்கோயில்களை இராசேந்திரன் கட்டினான்” என்று எழுதாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. தமிழ் வணிகர் மட்டுமே கட்டினர் என்பதும் மிகை. உள்ளூர் மக்களின் உழைப்பும் மரபும் அதில் உண்டு.

2013இல் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. செய்தி வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. தெரியாததை யார் காப்பாற்றுவது?

மெர்போக் அருங்காட்சியகம் ஒருநாள் பயணம்தான். மாணவர்களைக் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கல்லை ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளை, கடாரத்தை ஒரே வரியில் எழுதி முடிக்காது.