இறக்கமும் சேம அச்சும்

தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிட்டார் ஔவையார். மேட்டிலும் பள்ளத்திலும் எது நேருமோ என்ற அச்சம் அந்நாளிலேயே இருந்ததன்றோ!

அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயில் இறங்கியே ஆக வேண்டும். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி கட்டுக்கடங்காமல் ஓடிப் பல வண்டிகள்மீது மோதிற்று, உயிர்கள் பலியாயின.

எண்ணெயை எரித்து ஏறிய உயரத்தை, இறங்கும்போது பிரேக்கை மிதித்து வெறும் சூடாக்கி விடுகிறோம். பிரேக்கில் தேய்ந்த இரும்பும் செம்பும் நுண்தூசியாகிச் சாலையோரத்து மக்களின் நெஞ்சுக்குள் போகின்றன.

இந்த ஊதாரித்தனத்துக்கு மாற்று புதியதன்று. பம்பாய்–புனா பாதையில், 37 அடிக்கு 1 அடி சரியும் போர்காட் மலையில், 1928-இல் வந்த மின்சார எஞ்சின்கள் இறங்குகையில் மோட்டாரே மின்சாரம் பிறப்பித்தது. அது மேலுள்ள கம்பிக்கே திரும்பியது.

இன்றைய மின்சாரக் காரும் அப்படியே. மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகிறது, பிரேக் தூசி குறைகிறது. ஆயினும் பாட்டரியின் கனத்தால் டயர் தேயும், அதுவும் தூசிதான். பிரேக் தூசிக்கே வரம்பு கட்டும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் இயற்றியது 2024-இல்தான்.

இன்னொன்று: நிரம்பிய பாட்டரி மேலும் மின்சாரத்தை ஏற்காது. அப்போது காப்பது பழைய பிரேக்தான். ஔவை கண்ட சேம அச்சு இன்னும் வண்டியோடுதான் வருகிறது.