தஞ்சோங் மாலிமில் இடுப்புத் துப்பாக்கி: உறையும் விசையும் உரிமமும்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூர் மாநிலத்திலிருந்து அதைப் பிரிக்கும் பெர்னாம் ஆற்றின் கரையில் அமைந்துள்ள தஞ்சோங் மாலிம், 1922ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரியால் கல்வி வரலாற்றிலும், 1952ஆம் ஆண்டின் ஊரடங்கால் போர் வரலாற்றிலும் இடம்பெற்ற ஊராகும். இவ்வூரும் இதைச் சூழ்ந்திருந்த ரப்பர் தோட்டங்களும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைத்துப்பாக்கியை மூன்று விதமாக அறிந்திருந்தன. தோட்டத் துரையின் இடுப்பில் அது வெளிப்படையாகத் தொங்கியது. காவல்துறையினரிடம் அது பணிக்கருவியாக இருந்தது. உரிமமில்லாதவன் மடியில் அது தூக்குத் தண்டனைக்குச் சான்றாயிற்று. துப்பாக்கியை எவ்வாறு சுமப்பது, அதன் விசையை எவ்வாறு மூடிவைப்பது என்னும் தொழில்நுட்பக் கேள்விகளை, அதை யார் சுமக்கலாம் என்னும் சட்டக் கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது என்பதை இப்பகுதியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இப்பகுதியில் ஆயுதங்கள் பெருகியதற்கு இரண்டாம் உலகப் போரே முதற்காரணம். 1942 ஜனவரி 7ஆம் நாள், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கேயுள்ள சிலிம் ரிவர் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் இந்திய 11ஆம் டிவிஷனைச் சிதறடித்தபோது, பின்வாங்கிய படைகள் விட்டுச்சென்ற ஆயுதங்களில் ஒரு பகுதி காட்டுக்குள் சென்று, மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கைக்கு வந்தது. பின்னர் 136ஆம் படைப்பிரிவு என்னும் பிரிட்டிஷ் இரகசியப் படை வானிலிருந்து இறக்கிய ஆயுதங்களும் அவற்றோடு சேர்ந்தன. 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டு, ஆயுதத்தை ஒப்படைத்த வீரர்களுக்குத் தலைக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டபோதிலும், எல்லா ஆயுதங்களும் திரும்பி வரவில்லை. காட்டில் புதைத்து வைக்கப்பட்டவை மூன்றாண்டுகளில் மீண்டும் வெளிவந்தன.

1948 ஜூன் 16ஆம் நாள் காலை, பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்துக்கு மிதிவண்டிகளில் வந்த மூவர், அதன் மேலாளர் ஆர்தர் வாக்கரை அலுவலகத்திலேயே சுட்டுக்கொன்றனர். சிறிது நேரத்தில் அண்மையிலிருந்த மற்றொரு தோட்டத்தில் மேலும் இரு ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். இதையடுத்து, காட்டிலிருந்து போரிட்ட கிளர்ச்சியாளருக்கு எதிராக அறிவிக்கப்பட்டு 1960 ஜூலை 31 வரை நீடித்த அவசரகாலத்தில், துரைமார்கள் ஆயுதமின்றி வெளியே செல்வது அரிதாயிற்று. தோட்டத்துப் பங்களாக்களைச் சுற்றி முள்வேலியும் ஒளிவிளக்குகளும் அமைக்கப்பட்டன. விசேஷக் கான்ஸ்டபிள்கள் எனப்பட்ட துணைக்காவலர்கள் தோட்டங்களில் நிறுத்தப்பட்டனர். பால்மரக் காட்டைச் சுற்றிவரும் துரையின் இடுப்புவாரில் ரிவால்வர், அதாவது சுழலும் உருளையில் தோட்டாக்களைக் கொண்ட கைத்துப்பாக்கி, அன்றாட உடையின் ஒரு பகுதியாயிற்று.

அக்காலத்துப் பிரிட்டிஷ் உறைகளின் அமைப்பை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. 1937ஆம் ஆண்டு மாதிரி எனப்பட்ட உறை, தடித்த பருத்தி நாடாத்துணியால் தைக்கப்பட்டது. அதன் மேல்மூடி பிடியையும் விசையையும் ஒருசேர மறைத்துப் பித்தளைப் பொத்தானால் பூட்டிக்கொள்ளும். மழை, சேறு, புதர்க்கிளை ஆகியவற்றிலிருந்து ஆயுதத்தை அது நன்கு காத்தது. ஆனால் மூடியைத் திறந்து ஆயுதத்தை உருவுவதற்கு நேரம் பிடித்தது. டாங்கிப் படையினருக்கெனச் செய்யப்பட்ட உறையில் மேல்மூடி நீக்கப்பட்டு, முகப்பில் ஆறு தோட்டாக்களுக்கான வளையங்கள் வைக்கப்பட்டன. அவர்கள் பயன்படுத்திய என்ஃபீல்டு ரிவால்வரின் ஒரு வகையில், சுத்தியின், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் உறுப்பின், வெளிநீட்டு முனையும் அகற்றப்பட்டது. குறுகிய டாங்கியினுள் அது எதிலாவது சிக்கித் துப்பாக்கி வெடித்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். உறையையும் ஆயுதத்தையும் தேவையற்ற பகுதிகளின்றிச் சுருக்கும் எண்ணம் புதியதன்று என்பதற்கு இது சான்று.

மேல்மூடி இல்லாத உறை அன்று பெருங்கேடு விளைவிக்காததற்கு ரிவால்வரின் இயல்பே காரணம். சுத்தியை முன்னரே பின்னிழுத்து வைக்காத நிலையில், அதன் விசையை முழுவதும் இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். துணியோ இலைக்காம்போ தற்செயலாக அந்த அழுத்தத்தைத் தருவது கடினம். 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளோக் போன்ற துப்பாக்கிகள் பரவியபின் இந்நிலை மாறியது. அவற்றின் விசைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தமே போதும். தனியாகத் தள்ளிவிட வேண்டிய பாதுகாப்பு நெம்புகோலும் அவற்றில் இல்லை. ஆகவே துப்பாக்கி சுடும் விரலுக்கும் தோட்டாவுக்கும் இடையே முன்பு ஆயுதமே தந்த காப்பில் பெரும்பங்கை உறையே ஏற்க வேண்டியதாயிற்று.

1960களில் உருவாக்கப்பட்ட கைடெக்ஸ் என்னும் சூட்டில் வளைத்து வார்க்கத்தக்க பிளாஸ்டிக் தகடு இதற்கு வழிவகுத்தது. அதைக் கொண்டு, துப்பாக்கியின் முழு உடலையும் மூடாமல், விசையையும் அதைச் சூழ்ந்த காப்பு வளையத்தையும் மட்டும் கவ்விக்கொள்ளும் சிறு உறைகள் செய்யப்பட்டன. அவற்றுள் சில இடுப்புவாரில் கட்டிய கயிற்றோடு இணைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியை மேலே உருவும்போது கயிறு இறுகி, மூடியைப் பிடித்து நிறுத்திவிடும். மெல்லிய ஆடைக்குள் பருமன் தெரியாமல் மறைப்பதற்கு இவ்வகை உறை ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதைக் குறைத்தாலும் மூன்றைக் குறைக்கலாகாது: வெளியிலிருந்து அழுத்தினாலும் வளையாத கடினமான விசைமூடி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் துப்பாக்கி நழுவாத பிடிப்பு, உட்கார்ந்தாலும் ஓடினாலும் இடம்பெயராத இணைப்பு. உருவுவதைக் காட்டிலும் மீண்டும் உறைக்குள் செருகுவதே அபாயமான கணம். சட்டை விளிம்போ நாடா முடிச்சோ விசைக்கும் உறைக்கும் இடையே புகுந்தால் துப்பாக்கி வெடித்துவிடும். ஆதலால் கயிற்றுறைக்காரர் முதலில் உறையைக் கையிலெடுத்து விசையில் மாட்டி, அதன்பின்னரே துப்பாக்கியை இடுப்பில் செருக வேண்டும்.

மலாயாவின் தட்பவெப்பம் இதில் தனிச்சிக்கல்களை உண்டாக்கியது. வியர்வையும் ஈரக்காற்றும் தோல் உறையைத் தளரச் செய்கின்றன. தளர்ந்த தோலின் வாய் உள்நோக்கி மடிந்து, துப்பாக்கியைச் செருகும்போது விசையின் மேல் விழக்கூடும். தோலைப் பதனிடப் பயன்படும் பொருள்கள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதால், ஆயுதத்தை உறையிலேயே நெடுநாள் வைத்திருப்பதும் தவறாகும். மழைக்காட்டு நாட்டில் உறையைத் தேர்ந்தெடுக்கும் எவரும் அழகுக்கு முன்னர் இதை எண்ணிப் பார்ப்பது முறை.

மறைத்துச் சுமத்தலின் இன்னொரு பக்கம், தோட்டத் தமிழரின் வாழ்வைத் தொட்டது. அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கிய தமிழர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியிலுள்ள ரவாங்கில், வாட்டர்ஃபால் தோட்டத்தில் 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு ரிவால்வருடனும் ஆறு தோட்டாக்களுடனும் பிடிபட்டார். அதே மாத நடுவில் தீர்ப்பளிக்கப்பட்டது. இந்திய அரசின் கருணை வேண்டுகோளும் பலனளிக்காமல், மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அவ்விரு மரணங்களும் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் இயக்கத்துக்கு நேர்ந்த பேரிழப்பாகும். துரைக்கு அன்றாட உடையாக இருந்த அதே கருவி, தொழிலாளர் தலைவர் ஒருவருக்கு இரண்டே மாதங்களில் உயிரிழப்பாக முடிந்தது. இருவரையும் வேறுபடுத்தியது ஓர் உரிமத்தாளும் அதை வழங்கிய அதிகாரமுமே ஆகும்.

தஞ்சோங் மாலிமின் மக்கள் இந்தக் கடுமையை நேரில் உணர்ந்தனர். 1952 மார்ச் 25ஆம் நாள், ஊருக்கு அருகே கிளர்ச்சியாளர் சேதப்படுத்திய குடிநீர்க் குழாயைச் சரிசெய்யச் சென்ற குழு தாக்கப்பட்டு, துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் உட்படப் 12 பேர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து வந்த உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர், ஊர் மக்களைக் கண்டித்து, நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கையும் அரிசிப் பங்கீட்டுக் குறைப்பையும் விதித்தார். வீடுதோறும் வினாத்தாள் வழங்கப்பட்டு, விடைகள் முத்திரையிட்ட பெட்டிகளில் திரட்டப்பட்டபின், சுமார் இரண்டு வாரங்களில் தடை நீங்கியது. அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளரும் வேலிக்குள் ஒருங்குசேர்த்துக் குடியமர்த்தப்பட்டனர். காலையில் பால்வெட்டச் செல்வோர் வாயிலில் உடற்சோதனைக்கு உட்பட்டனர். காட்டிலிருப்போருக்கு உணவு செல்லலாகாது என்பதால், மடியில் ஒளிக்கப்பட்ட ஒரு பிடி அரிசியும் குற்றமாயிற்று.

அவசரகாலம் முடிந்தபின்னும் சட்டத்தின் கடுமை தொடர்ந்தது. 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மரண தண்டனைக் குற்றமாக்கியது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. இன்று 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் உள்ளது. 1971ஆம் ஆண்டின் சட்டம், உரிமமில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படிகளும் விதிக்கிறது. ஆகவே மலேசியாவில் சிறு உறை, விசைமூடி ஆகியவை பற்றிய அறிவு காவல்துறைக்கும் உரிமம் பெற்ற மிகச் சிலருக்குமே பயன்படுவதாகும்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு இதுவே: உறையில் மற்றவற்றைச் சுருக்கலாம், விசையின் காப்பைச் சுருக்கலாகாது. அவ்வாறே ஒரு நாட்டில் ஆயுதத்தின் மீதான கட்டுப்பாடு இறுக்கமாக இருப்பது முறையே. ஆயின் அது துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும். அவசரகாலத்தில் அந்த அளவுகோல் ஒன்றாக இருக்கவில்லை. அக்காலத்தைக் கண்ணால் கண்ட தோட்டத்து முதியோர் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள நிறுவனம் அதே ஊரில் இருப்பதால், அங்கே பயிலும் தமிழ் மாணவர்கள் அம்முதியோரின் வாய்மொழிச் சான்றுகளைக் காலந்தாழ்த்தாமல் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.